கேளுங்க சொல்றோம்: கோடு, முகம், கியூஆர் – படத்துல இதெல்லாம் சிப்பு எப்படி தேடுது?

போன இதழ்ல கேமரா சிப் பத்தி சும்மா ரெண்டு பத்தி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்தா தனியா ஒரு இதழே போடலாம் போல இருக்கு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து, மிச்சத்துல கொஞ்சத்தை எடுத்திருக்கேன். பேரு போட வேணாம்னு பாதி பேரு சொன்னதால யாரு பேரையும் போடல.

கேள்வி (மளிகைக் கடை, ஈரோடு): சார், கல்லா பக்கத்துல கியூஆர் அட்டை வச்சிருக்கேன். சில பேரு போனை தலைகீழா புடிக்கிறாங்க, சில பேரு சாய்ச்சு புடிக்கிறாங்க, அட்டை மேல எண்ணெய்க் கறை வேற. இருந்தும் டக்குனு எடுத்துக்குது. படத்தை எங்கயாவது அனுப்பி பார்த்துட்டு வருதா?

பதில்: எங்கயும் அனுப்பல அண்ணே. பணம் போறதுக்குத் தான் நெட்டு வேணும், அட்டையைக் கண்டுபுடிக்கிறது போனுக்குள்ளயே முடிஞ்சிருது. அட்டையோட மூணு மூலைல பெரிய சதுரம் இருக்குல்ல, விஷயம் அதுல தான் இருக்கு. அந்தச் சதுரத்தோட நடு வழியா எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும், குறுக்க, நெடுக்க, மூலைக்கு மூலை எப்படி இழுத்தாலும், கறுப்பு 1 வெள்ளை 1 கறுப்பு 3 வெள்ளை 1 கறுப்பு 1-ன்னு அதே விகிதத்துல தான் வரும். அதனால தான் தலைகீழா புடிச்சாலும் கவலையில்ல.

1994-ல ஜப்பான்ல டென்சோ கம்பெனில மசாஹிரோ ஹாராவும் கூட இருந்தவங்களும் இதை உருவாக்கினப்போ நோட்டீஸு, பத்திரிகை, அட்டைப்பெட்டின்னு அச்சடிச்சது எதெது கிடைச்சுதோ எல்லாத்தையும் அலசி, கறுப்பு வெள்ளை எந்த விகிதத்துல வர்றது ரொம்ப அபூர்வம்னு பார்த்து தான் இந்த 1:1:3:1:1-ஐ எடுத்தாங்க. அதாவது மெஷினை புத்திசாலி ஆக்குறதுக்கு பதிலா, மெஷினுக்கு சுலபமா ஆப்புடற மாதிரி படத்தையே வரைஞ்சுட்டாங்க.

இதுல எனக்குப் புடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. கேமரா சென்சார் படத்தை மொத்தமா ஒரே நேரத்துல தராது, மேல் வரிசை இடது ஓரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு பிக்சலா வரிசையா தான் அனுப்பும். அது போயிட்டு இருக்கும்போதே கறுப்பு எத்தனை, வெள்ளை எத்தனைன்னு எண்ணிக்கிட்டே வந்து கடைசி 5 எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா விகிதம் ஒத்துப்போகுதான்னு அங்கயே பார்த்துடலாம். படத்தை எங்கயும் சேமிச்சு வைக்க வேண்டியதே இல்ல. வேலை அவ்ளோ லேசு, சாதாரண பிராசஸரே போதும், தனி சிப்பு வச்சா இன்னும் சும்மா ஊதித் தள்ளிடும்.

எண்ணெய்க் கறைக்கு வேற ஏற்பாடு. கியூஆர்ல பிழை திருத்தம் 4 அளவுல இருக்கு, அதிகபட்ச அளவுல போட்டா 30% வரைக்கும் அழிஞ்சாலும் மீட்டுரும். ஆனா அந்தத் திருத்தம் உள்ள இருக்கிற தகவலுக்குத் தான், மூலைச் சதுரத்துக்கு கிடையாது. அதனால கறை நடுவுல பட்டா விட்டுருங்க, மூலைல பட்டா அட்டையை மாத்திருங்க.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்): பேரனைப் போட்டோ எடுக்கக் கேமராவைத் திறந்தால் உடனே முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் வந்து நிற்கிறது. அவன் யார் என்று அதற்குத் தெரியுமா?

பதில்: தெரியாதுங்க ஐயா. "இங்க ஒரு முகம் இருக்கு"ங்கிறது ஒரு வேலை, "இது இன்னாரோட முகம்"ங்கிறது முழுசா வேற வேலை. கட்டம் போடுறது முதல் வேலை மட்டும் தான், ஃபோகஸும் வெளிச்சமும் முகத்துக்கு சரியா விழணும்ங்கிறதுக்காக. போட்டோ ஆப்புல பேரன் படத்தை எல்லாம் ஒண்ணா அடுக்கித் தருதே, அது தான் ரெண்டாவது.

முதல் வேலைக்கு 2001-ல பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ்னு ரெண்டு பேரு ஒரு வழி சொன்னாங்க, அது தான் கேமராவுக்குள்ள முகம் தேடுறதை சாத்தியமாக்குச்சு. முகத்துல கண்ணு இருக்கிற பட்டை கன்னத்தை விட இருட்டா இருக்கும், மூக்குத் தண்டு ரெண்டு கண்ணையும் விட வெளிச்சமா இருக்கும், இந்த மாதிரி சின்ன சின்ன செவ்வகத்தை வச்சு "இந்தப் பக்க வெளிச்சத்தோட கூட்டல்ல இருந்து அந்தப் பக்கத்தைக் கழி"ன்னு பார்க்கிறது. செவ்வகத்துக்குள்ள இருக்கிற பிக்சலை எல்லாம் ஒவ்வொரு தடவையும் கூட்டினா தாங்காது. அதனால படம் வரும்போதே ஒவ்வொரு இடத்துலயும் "இதுக்கு மேலயும் இடதுலயும் இருக்கிறதோட மொத்தக் கூட்டல்" என்னன்னு எழுதிக்கிட்டே போயிடுவாங்க. அப்புறம் எவ்ளோ பெரிய செவ்வகமா இருந்தாலும் 4 எண்ணை எடுத்து கூட்டிக் கழிச்சா விடை வந்துரும். பெருக்கல் இல்ல, அலைச்சல் இல்ல.

ரெண்டாவது தந்திரம், சீக்கிரமா கைவிடுறது. அவங்க செஞ்ச டிடெக்டர்ல மொத்தம் 6061 சோதனை, ஆனா ஒரு ஜன்னலுக்கு (அதாவது முகம் இருக்கான்னு பார்க்கிற படத்தோட ஒரு சின்னத் துண்டுக்கு) சராசரியா 10 சோதனையிலயே "முகம் இல்ல, அடுத்ததுக்குப் போ"ன்னு முடிஞ்சிரும், ஏன்னா படத்துல பெரும்பாலான இடம் சுவரும் வானமும் தானே. 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ல 384×288 படத்தை நொடிக்கு 15 தடவை பார்த்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துலயே கையடக்க டிஜிட்டல் கேமராக்கள்ல முகம் தேடுற வசதி வர ஆரம்பிச்சிருச்சு.

இப்போ போன்கள்ல நியூரல் நெட்வொர்க் தான், அதுக்குன்னே தனி சிப்பு. 2019-ல கூகுள்ல இருந்து வந்த பிளேஸ்ஃபேஸ்ங்கிற மாடல் முன் கேமரா படத்தை 128×128-ஆ சுருக்கிட்டு தான் முகமே தேடுது. அவ்ளோ பெரிய கேமரா வச்சிருக்கிறது எதுக்குன்னு கேப்பீங்க, முகம் எங்க இருக்குன்னு தெரிய அவ்ளோ விவரம் தேவையில்லைங்க.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம்னு கிளாஸ்ல நடத்துனாங்க. ஏஐ வந்த பிறகும் இந்தப் பழசை ஏன் படிக்கணும்? யாரு இந்த ஹஃப்?

பதில்: பால் ஹஃப் ஒரு இயற்பியல்காரரு, கம்ப்யூட்டர் ஆளே கிடையாது. 1950-கள்ல பபிள் சேம்பர்னு ஒண்ணு வந்துச்சு, துகள் ஓடின பாதை குமிழிக் கோடா தெரியும், அதைப் போட்டோ எடுப்பாங்க. எடுத்த போட்டோ லட்சக்கணக்குல குவிய ஆரம்பிச்சது, உக்காந்து கண்ணால கோடு தேடினா எப்போ முடியுறது? அதுக்கு மெஷின் பண்ணணும்னு ஹஃப் யோசிச்சது தான், படத்துல கோடு தேடுற இந்த ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம். பேடன்ட் வந்தது 1962 டிசம்பர்ல, நம்பர் 3,069,654, உரிமை அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்கு.

இப்போ நல்லா கவனிங்க, அந்தப் பேடன்ட்ல இருந்தது சாஃப்ட்வேர் இல்ல. படத்தைச் சின்ன சின்னத் துண்டா பிரிச்சு, டிவி கேமராவால ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு வரையிற எலக்ட்ரானிக் சர்க்யூட்டு, கோடெல்லாம் எங்க வெட்டிக்குதுன்னு பார்க்க ஆஸிலாஸ்கோப்பு. அதாவது முதல்ல பொறந்ததே ஹார்ட்வேரா தான், நாம தான் பின்னாடி அதை மென்பொருளா மாத்தி, மெதுவா இருக்கேன்னு புலம்பி, திரும்ப ஹார்ட்வேருக்கு கொண்டு போயிட்டு இருக்கோம்.

ஹஃப் கோட்டை சரிவு, வெட்டுத்துண்டு ரெண்டையும் வச்சு குறிச்சாரு, செங்குத்துக் கோட்டுக்கு சரிவு முடிவிலி ஆயிரும், அது ஒரு தலைவலி. 1972-ல டூடாவும் ஹார்ட்டும் தான் கோணம் தீட்டா, ஆரம்பப் புள்ளில இருந்து கோட்டுக்கு தூரம் ரோ-ன்னு மாத்தினாங்க, உங்க பாடப் புத்தகத்துல இருக்கிறது அது தான். 1981-ல பல்லார்ட் எந்த வடிவத்துக்கும் பொருந்துற மாதிரி நீட்டினாரு.

ஏஐ வந்துட்டா இது செத்துருமான்னா, இல்ல. செர்ன் ஆராய்ச்சி மையத்துல துகள்களை மோத விடுற பெரிய ஹாட்ரான் மோதுகலன்ல 25 நானோ செகண்டுக்கு ஒரு தடவை துகள் கூட்டம் குறுக்க வெட்டுது. எதை வச்சுக்கிறது எதைத் தூக்கிப் போடறதுன்னு மைக்ரோ செகண்டு கணக்குல முடிவு பண்ணணும். அங்க இருக்கிற சிஎம்எஸ் கருவியோட அடுத்த கட்ட மேம்பாட்டுக்காக ஒரு குழு துகள் பாதை தேட எஃப்பிஜிஏ-ல (உள்ள இருக்கிற சர்க்யூட்டை நாமளே மாத்தி அமைச்சுக்கிற சிப்பு) ஹஃப் டிரான்ஸ்ஃபார்மையே ஓட்டிக் காட்டியிருக்காங்க. துகள் கோட்டுக்காகப் பொறந்தது அறுபது வருஷம் கழிச்சும் துகள் கோட்டுக்கே வேலை செய்யுது.

கேள்வி (இசிஇ இறுதி ஆண்டு, கோவை): அண்ணா, ஹஃப் வச்சு கோடு கண்டுபுடிக்கிறதை ஜிங்க் 7020ங்கிற எஃப்பிஜிஏ போர்டுல பண்றது தான் எங்க புராஜெக்ட். 180 கோணம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பெருக்கல், மொத்தம் 360 வேணும், சிப்புல பெருக்கல் பண்ற டிஎஸ்பி 220 தான் இருக்கு. கார்டிக் போடச் சொல்றாங்க கைடு. என்ன பண்ணலாம்?

பதில்: இந்த இதழ்லயே எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி இது தான், கொஞ்சம் நீளமா போவேன், மத்தவங்க பொறுத்துக்கங்க.

முதல்ல கணக்கு. ரோ = எக்ஸ் × காஸ் தீட்டா + ஒய் × சைன் தீட்டா. படத்துல ஒவ்வொரு விளிம்புப் பிக்சலும் (வெளிச்சம் சட்டுனு மாறுற இடம்) தன் வழியா போகக்கூடிய எல்லாக் கோட்டுக்கும் ஒரு ஓட்டு போடும், எந்த ரோ-தீட்டா கட்டத்துல ஓட்டு குவியுதோ அங்க நிஜக் கோடு இருக்கு. கார்டிக்ங்கிறது ஜாக் வோல்டர் பி-58 விமானத்தோட வழிகாட்டும் கம்ப்யூட்டருக்காகக் கண்டுபுடிச்சு 1959-ல வெளியிட்டது, பெருக்கல் இல்லாம ஷிஃப்டும் கூட்டலும் வச்சு கோணத்தைத் திருப்புறது. அருமையான சரக்கு தான். ஆனா உங்களுக்கு அதுவும் வேணாம்.

ஏன்னா பிக்சல் உங்ககிட்ட தாறுமாறா வரல, வரிசையா வருது. எக்ஸ் ஒவ்வொரு கிளாக்குக்கும் (சிப்போட ஒரு துடிப்பு) சரியா 1 கூடுது. எக்ஸ் 1 கூடினா ரோ எவ்ளோ கூடும்? காஸ் தீட்டா கூடும், அவ்ளோ தான். அது ஒரு மாறாத எண். அப்போ 180 கோணத்துக்கு 180 ரெஜிஸ்டர் (ஒரு எண்ணை வைக்கிற சின்ன இடம்) வச்சுக்கிட்டு ஒவ்வொரு கிளாக்குக்கும் அதனதன் காஸ் மதிப்பைக் கூட்டிக்கிட்டே போங்க. வரிசை முடிஞ்சு அடுத்த வரிசை ஆரம்பிக்கும்போது வரிசைத் தொடக்க ரெஜிஸ்டர்ல சைன் மதிப்பைக் கூட்டுங்க. 360 பெருக்கல் எங்க போச்சு? ஒண்ணுமே இல்ல. பின்னத்துக்கு 14 பிட் ஒதுக்கிட்டீங்கன்னா காஸ்ல வர்ற சின்னப் பிழை 640 தடவை கூட்டின பிறகும் ஒரு பிக்சல்ல 50-ல ஒரு பங்கு அளவு தான் வரும், அது கவலைப்படற சங்கதி இல்ல. 220 டிஎஸ்பியும் சும்மா கிடக்கும், வேற எதுக்காவது வச்சுக்கங்க.

அடுத்து மெமரி, நிஜமான சண்டை இங்க தான். 640×480 படத்துக்கு மூலைவிட்டம் 800 பிக்சல். ஆரம்பப் புள்ளியை படத்தோட நடுவுல வச்சீங்கன்னா ரோ −400-ல இருந்து +400 வரைக்கும், அதாவது ஒரு கோணத்துக்கு சுமார் 800 கட்டம். மூலைல வச்சா வீணா இடம் போகும், நிறைய பேரு மூலைல தான் வைக்கிறாங்க. உங்க சிப்புக்குள்ளயே பிளாக் ரேம்னு சின்ன சின்ன மெமரி, ஒண்ணு 36 கிலோபிட், மொத்தம் 140 இருக்கு, ஒவ்வொண்ணையும் 18 கிலோபிட்டா ரெண்டா பிரிச்சா 280. அந்தப் பாதி ஒண்ணு 1024 கட்டம், கட்டத்துக்கு 18 பிட்டுன்னு அமையும். 800 கட்டம் அதுல அழகா உக்காந்துரும். ஆக ஒரு கோணத்துக்கு ஒரு மெமரி, 280-ல 180 போச்சு, 100 மிச்சம். இப்போ ஒரு விளிம்புப் பிக்சல் வந்தா ஒரே கிளாக்குல 180 ஓட்டும் 180 மெமரில ஒண்ணா விழும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இதே முழு எச்டி-ன்னு ஆசைப்பட்டீங்கன்னா மாட்டிக்குவீங்க. 1920×1080-க்கு மூலைவிட்டம் சுமார் 2203, கட்டத்துக்கு 16 பிட்டுன்னா 180 கோணத்துக்கு 790 கிலோபைட்டுக்கு மேல, சிப்புல மொத்தமே 630 கிலோபைட்டு தான். அப்போ ரோ-வை 2 பிக்சலுக்கு ஒரு கட்டமா கரடுமுரடா எடுக்கணும், இல்ல கோணத்தைக் குறைக்கணும். வெளி டிடிஆர் மெமரில வச்சுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஓட்டு தாறுமாறான இடத்துல விழும், டிடிஆர் அதுக்குன்னு செஞ்சது இல்ல, கட்டின கோட்டை மொத்தமும் அங்க சரியும்.

இப்போ ஒரு பொறி. படுக்கைக் கோடு, தீட்டா 90. காஸ் பூஜ்யம், அதனால வரிசை முழுக்க ரோ மாறாது, ஒவ்வொரு கிளாக்கும் அதே கட்டத்துக்கு ஓட்டு. மெமரில இருந்து படிக்க ஒரு கிளாக், 1 கூட்டி எழுத இன்னொரு கிளாக், அதுக்குள்ள அடுத்த பிக்சல் வந்து பழைய எண்ணைப் படிச்சிரும். ஓட்டு காணாமப் போகும். படத்துல இருக்கிறதுலயே சுலபமான கோடு, அது தான் உங்க டிசைன்ல மங்கலா தெரியும், ரிவ்யூல மேசை விளிம்பைக் காட்டினா வராது! இதுக்கு சிம்பிளான வழி: ஒரு வரிசைக்குள்ள ரோ ஒரே திசைல தான் நகரும், ஒண்ணு ஏறும், இல்ல இறங்கும், ஒரு கட்டத்தைத் தாண்டிட்டா அந்த வரிசைல திரும்ப வராது. அதனால கட்டம் மாறுற வரைக்கும் ஓட்டை ரெஜிஸ்டர்லயே எண்ணிக்கிட்டு, மாறும்போது மட்டும் மெமரில போய் சேருங்க.

விளிம்பு எடுக்க கேனிங்கிற முறையைத் தான் போடணும்னு அடம் புடிக்காதீங்க. கேனியோட கடைசிப் படி, பலவீனமான விளிம்பு பலமான விளிம்போட ஒட்டியிருக்கான்னு தொடர்ந்து போய் பார்க்கிறது, படம் முழுக்க அங்கயும் இங்கயும் அலையணும், பிக்சல் ஓடிக்கிட்டே இருக்கிற டிசைனுக்கு அது ஒத்துவராது. சோபல்ங்கிற சிம்பிளான முறையே போதும், ரெண்டு வரிசையை மட்டும் புடிச்சு வச்சா ஆச்சு, 1280 பைட்டு.

நேரம் எவ்ளோன்னா, 100 மெகாஹெர்ட்ஸ்ல கிளாக்குக்கு ஒரு பிக்சல், 3,07,200 பிக்சல், 3 மில்லி செகண்டு சொச்சம். 180 மெமரியையும் ஒரே நேரத்துல படிச்சு, உச்சம் எங்கன்னு பார்த்துக்கிட்டே பின்னாலயே பூஜ்யம் எழுதிட்டு வந்தா 800 கிளாக், 8 மைக்ரோ செகண்டு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், வைவால கேப்பாங்க. படத்துல 5% விளிம்புன்னா ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 27.6 லட்சம் ஓட்டு, நொடிக்கு 30 ஃப்ரேமுன்னா 8.3 கோடி. சாதாரண லேப்டாப்பே இதை சமாளிச்சிரும். "அப்புறம் எதுக்கு எஃப்பிஜிஏ?"ன்னு கேட்டா "வேகம்"னு சொல்லாதீங்க, அடுத்த கேள்வில மாட்டிக்குவீங்க. கடைசிப் பிக்சல் வந்து மைக்ரோ செகண்டுல விடை ரெடி, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதே நேரம், அதுவும் கொஞ்ச வாட்டுல, அதைச் சொல்லுங்க. மோட்டாரையோ ஸ்டியரிங்கையோ அந்த விடையை நம்பி திருப்பணும்னா இது தான் முக்கியம்.

கேள்வி (சாஃப்ட்வேர், சென்னை): நல்ல விலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். ஓபன்சிவி-ங்கிற பட லைப்ரரியை கூடா-வோட (கார்டுல புரோகிராம் ஓட்டுற என்விடியா சாஃப்ட்வேர்) பில்ட் பண்ணி ஹஃப் ஓட்டினா சிபியு-வை விட மெதுவா ஓடுது. கார்டுல பிரச்சினையா?

பதில்: கார்டு நல்லா தான் இருக்கும். முதல் தடவை கூப்பிடும்போது கூடா தன்னையே எழுப்பிக்கிட்டு ரெடி ஆகிற நேரமும் உங்க கணக்குல விழுந்திருக்கும், அதை விட்டுட்டு அளங்க. அப்புறம், ஒரு சின்னப் படத்தை கார்டுக்கு ஏத்தி, ஹஃப் மட்டும் பண்ணி, இறக்கி, திரும்ப அடுத்ததை ஏத்துறீங்கன்னா, ஒரு கிலோ தக்காளி வாங்க லாரி எடுத்துக்கிட்டு கோயம்பேடு போற கதை தான். சாம்பல் நிறமாக்குறது, மங்கலாக்குறது, விளிம்பு, ஹஃப் எல்லாத்தையும் கார்டுக்குள்ளயே முடிச்சு கடைசில கோட்டு லிஸ்ட்டை மட்டும் இறக்குங்க, நாலஞ்சு கோட்டுக்கு நூறு பைட்டு கூட வராது.

உள்ளயும் ஒரு சிக்கல் இருக்கு. மேல கோவை மாணவருக்கு சொன்ன அதே படுக்கைக் கோட்டுப் பிரச்சினை, வேற வேஷத்துல. ஆயிரக்கணக்கான த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற சின்ன வேலைகள்) ஒரே கட்டத்துக்கு ஓட்டு போட வந்து நின்னா, ஓட்டு தொலையாம பார்த்துக்கிற அட்டாமிக் கூட்டல் ஒவ்வொண்ணா தான் விடும், வரிசைல நிக்கணும். அதுக்கு ஒரு கோணத்தை ஒரு த்ரெட் பிளாக்குக்கு குடுத்து, அந்தக் கோணத்தோட கட்டங்களை சிப்புக்குள்ள இருக்கிற ஷேர்டு மெமரில வச்சு எண்ணிட்டு கடைசில மொத்தமா எழுதுறது தான் வழக்கம். எஃப்பிஜிஏ-ல ஒரு கோணத்துக்கு ஒரு பிளாக் ரேம், இங்க ஒரு கோணத்துக்கு ஒரு பிளாக், ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு தான் வந்து சேர்றாங்க.

ஓட்டையே குறைக்கிறதும் நல்ல வழி. சோபல் விளிம்போட திசையையும் சேர்த்தே தருது, 1976-லயே ஓ'கார்மனும் கிளோவ்ஸும் அதைப் பயன்படுத்திக்கிட்டாங்க. அந்தத் திசைக்கு இந்தப் பக்கம் 10 டிகிரி அந்தப் பக்கம் 10 டிகிரி மட்டும் ஓட்டு போட்டா 180-க்கு பதிலா 21 தான்.

அப்புறம் ஆம்டால் சொன்ன கணக்கு. உங்க புரோகிராம்ல ஹஃப் எடுக்கிறது மொத்த நேரத்துல 40%ன்னா, அதைப் பூஜ்யமாவே ஆக்கினாலும் மொத்தம் 1.67 மடங்குக்கு மேல வேகமாகாது. முதல்ல எங்க நேரம் போகுதுன்னு புரொஃபைலர் வச்சு பாருங்க, கார்டைக் குறை சொல்றது அப்புறம்.

கேள்வி (வெப் டெவலப்பர், பெங்களூரு): குரோம்ல பார்கோடு டிடெக்டர்னு ஒண்ணு இருக்கே, ஆண்ட்ராய்டுல ஜம்முனு ஓடுது, ஆஃபீஸ் விண்டோஸ் மெஷின்ல இல்லவே இல்லங்குது. ஏன்?

பதில்: அது பிரவுசரோட சொந்த சரக்கு இல்லங்க, அதனால தான். ஷேப் டிடெக்ஷன் ஏபிஐ-னு பேரு, முகம், பார்கோடு, எழுத்துன்னு மூணு. இதுல இருக்கிற யோசனை என்னன்னா, போன் கம்பெனியும் ஓஎஸ் கம்பெனியும் ஏற்கனவே வேகமான டிடெக்டரை உள்ள வச்சிருக்காங்க, வெப் பேஜ் தனியா பெரிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை இறக்கி ஓட்டுறதுக்கு பதிலா அதையே கேட்டுக்கலாமேங்கிறது. ஆண்ட்ராய்டுல கூகுள் பிளே சர்வீசஸ், மேக்ல ஆப்பிளோட விஷன், இந்த மாதிரி கீழ யாராவது வேலை செய்ய இருந்தா தான் மேல பதில் வரும். குரோம் 83-ல பார்கோடு வந்தப்போ ஆண்ட்ராய்டு, மேக், குரோம்ஓஎஸ் இது மட்டும் தான் கணக்கு. முகம் தேடுறது இன்னும் எல்லாருக்கும் திறந்து விடல.

இந்தத் திட்டம் எனக்கு பாதி தான் புடிக்கும். வேகமும் பேட்டரியும் மிச்சம், சரி. ஆனா ஒரே படத்துக்கு ஒரு போன்ல ஒரு விடை, இன்னொரு போன்ல வேற விடைன்னா டெஸ்ட் பண்றவன் பாடு? அதனால முதல்ல பிரவுசர்ல அந்த பார்கோடு டிடெக்டர் இருக்கான்னு பாருங்க, இருந்தா எந்தெந்த பார்கோடு வகை தெரியும்னு அதுகிட்டயே கேக்கிற ஃபங்ஷன் இருக்கு, கேளுங்க. இல்லைன்னா வெப் அசெம்பிளில ஓடுற ஒரு டிடெக்டரை மாத்து ஏற்பாடா வைங்க. ஃபயர்ஃபாக்ஸ், ஐபோன் சஃபாரி ரெண்டுக்கும் இந்த மாத்து ஏற்பாட்டை நம்பி தான் எழுதணும். இன்னும் ரெண்டு: எச்டிடிபிஎஸ்ல இல்லாத பேஜ்ல இது வராது, வேற தளத்துல இருந்து எடுத்த படத்தைக் குடுத்தா செக்யூரிட்டி எரர்னு முகத்துல அடிக்கும். பின்னணில ஓடுற வர்க்கர்லயும் ஓடும், அதனால மெயின் த்ரெட்டைப் போட்டு உறைய வைக்காதீங்க.

கேள்வி (டெலிவரி வேலை, மதுரை): நாள் பூரா பார்சல் ஸ்கேன் பண்றேன், மத்தியானத்துக்குள்ள போன் சூடாகி பேட்டரி பாதி காலி. சிப்பு எல்லாம் வேகமா இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் சூடு?

பதில்: கணக்கு போடுறதால வர்ற சூடை விட படத்தைத் தூக்கிக்கிட்டு அலையறதால வர்ற சூடு அதிகம் தம்பி. 45 நானோமீட்டர் சிப்புக்கு அடிக்கடி காட்டுற கணக்கு ஒண்ணு இருக்கு: ரெண்டு 32 பிட் எண்ணைக் கூட்ட 0.1 பிக்கோஜூல், அதே 32 பிட்டை வெளி மெமரில இருந்து எடுத்துட்டு வர 640 பிக்கோஜூல். 6400 மடங்கு. இப்போ வர்ற சிப்புல எண்ணு குறைஞ்சிருக்கும், ஆனா எது செலவு எது மலிவுங்கிறது மாறல. ஸ்கேன் ஆப்பு திறந்திருக்கும்போது கேமரா நொடிக்கு 30 படம் எடுத்து மெமரில கொட்டுது, ஸ்க்ரீன் அதை எடுத்துக் காட்டுது, டிடெக்டர் தனியா எடுத்துப் பார்க்குது, நீங்க அடுத்த பார்சலை எடுக்கத் திரும்பியிருக்கும்போதும் இதெல்லாம் நடந்துக்கிட்டே தான் இருக்கு. போதாக்குறைக்கு வெயில்ல ஸ்க்ரீன் வெளிச்சம் முழுசுல.

ஸ்கேன் முடிஞ்ச உடனே கேமராப் பக்கத்துல இருந்து வெளிய வந்துருங்க, ஆப்பை சும்மா திறந்து வச்சுக்கிட்டு நடக்காதீங்க. செட்டிங்ஸ்ல ஸ்கேன் ரெசல்யூஷன் குறைக்கிற வசதி இருந்தா குறைங்க, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிற பார்கோடுக்கு பெரிய படம் தேவையில்ல. டார்ச்சு லைட்டு தானா எரியுதான்னும் ஒரு தடவை பாருங்க, நிறைய ஆப்புல அதை ஆன்லயே விட்டு வச்சிருப்பாங்க. கம்பெனில தனியா கையடக்க ஸ்கேனர் தர்றாங்கன்னா கூச்சப்படாம கேட்டு வாங்குங்க, ட்ரிகரை அமுக்கும்போது மட்டும் முழிச்சு, பார்கோடை எடுத்துட்டு, திரும்பத் தூங்குற மாதிரியே அதைச் செஞ்சிருக்காங்க.